கங்கா என்று பெயர் வைத்தால்

சிறந்த நடிகைக்கான தேசிய விருதைக் கங்கா என்ற பெயருள்ள இரண்டு பாத்திரங்கள் வாங்கித் தந்திருக்கின்றன. ஒன்று தமிழ். ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ 1977-இல் திரைக்கு வந்தபோது லட்சுமி ஏற்ற வேடம் அது. தமிழ்ப் படத்தில் நடித்து அந்த விருதைப் பெற்ற முதல் நடிகை அவர்தான். மற்றொன்று மலையாளம். 1993-இல் வந்த ‘மணிச்சித்திரத்தாழ்’ படத்தில் ஷோபனா ஏற்றது. முதல் கங்கா உத்தியோகத்தில் இருப்பவள், திருமணமாகாதவள், நாக்கில் சுருக்கென்று ஒரு வெடிப்பு வைத்திருப்பவள். இரண்டாவது கங்கா புருஷனோடு அவனுடைய பூர்வீக வீட்டுக்கு வந்து சேரும் சாதுவான மருமகள். இரண்டு பேருக்கும் பெயரைத் தவிரப் பொதுவாக எதுவும் இல்லை என்றுதான் முதலில் தோன்றும்.

சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் வேறொன்று புலப்படுகிறது. இந்தியக் கதைகளில் ஒரு பெண்ணுக்குக் கங்கா என்று பெயரிட்ட ஆசிரியர் அவளை நிம்மதியாக இருக்க விடுவதில்லை. அவள் சுத்தமானவளா என்ற கேள்வியை யாராவது ஒருவர் எழுப்பிவிடுகிறார். குடும்பமோ ஊரோ எழுப்பாவிட்டால் கதையே எழுப்புகிறது. எல்லாப் பாவத்தையும் கழுவும் என்று நம்பப்படுகிற ஓர் ஆற்றின் பெயரைச் சுமப்பவள், தானே கழுவப்பட வேண்டியவளா என்று விசாரிக்கப்படுகிறாள். அந்த விசாரணையை ஒவ்வோர் ஆசிரியரும் எப்படி நடத்தினார், யார் துணிந்தார், யார் நழுவினார் என்பதில்தான் இந்தப் பாத்திரங்களின் தரம் பிரிகிறது.

ஜெயகாந்தனிலிருந்து தொடங்குவதே முறை. 1966-இல் ஆனந்த விகடனில் வெளிவந்த ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையில் அந்தக் கல்லூரிப் பெண்ணுக்குப் பெயரே கிடையாது. மழை பெய்யும் மாலை, பேருந்து நிறுத்தம், பெரிய காரில் வந்த முகமறியாத இளைஞன், அப்புறம் நடந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அழுதபடி தாயிடம் சொல்கிறாள். முதலில் பதறி அடிக்கும் தாய் பிறகு சுதாரித்துக்கொண்டு, மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டுகிறாள். கொட்டியது நீரல்ல, நெருப்பு என்று நினைத்துக்கொள், நீ சுத்தமாகிவிட்டாய் என்ற பொருளில் பேசி, இதை யாரிடமும் மூச்சுவிடாதே என்று விஷயத்தை அங்கேயே மூடிவிடுகிறாள். சீதைக்கு ராமன் வைத்த சோதனையை, விதவையான ஒரு பிராமணத் தாய் கொல்லைப்புறத்தில் இரண்டு குடம் தண்ணீரில் முடித்துவிட்டாள்.

கதைக்கு எழுந்த எதிர்ப்பு தமிழ் வாசகர்கள் அறிந்ததே. மற்ற எழுத்தாளர்கள் முடிவை மாற்றித் தங்கள் பதில்களை எழுதும் அளவுக்குப் போனது. அந்தத் தாய் வாயை மூடாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியை ஜெயகாந்தனே எடுத்துக்கொண்டார். அதுதான் தினமணி கதிரில் தொடராக வந்து ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலானது. 1972-இல் சாகித்திய அகாதமி விருதும் பெற்றது. நாவலில்தான் அந்தப் பெண்ணுக்குப் பெயர் கிடைக்கிறது.

கவனிக்க வேண்டிய இடம் இது. தாய் நீரூற்றி மன்னித்த கதையில் அவள் பெயரற்றவள். நீர் ஊற்றப்படாத, அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்திய, ஊர் வாயில் விழுந்த கதையில் அவள் கங்கா. சுத்திகரிப்பு மறுக்கப்பட்டவளுக்குச் சுத்திகரிக்கும் ஆற்றின் பெயர். ஜெயகாந்தன் இதைக் கணக்குப் போட்டுச் செய்தாரா, கைப்போக்கில் வந்ததா என்பது அவ்வளவு முக்கியமில்லை. பெயர் வந்து விழுந்த இடம் சரியான இடம்.

இன்னொரு வித்தையும் நாவலில் உண்டு. ‘அக்கினிப் பிரவேசம்’ நாவலுக்குள்ளேயே ஒரு கதையாக வருகிறது. ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் எழுதியது. கங்கா அதைப் படிக்கிறாள். தனக்கு நடந்ததையே யாரோ எழுதியிருப்பதையும், அந்தக் கதையில் வரும் தாய் தன் தாய் செய்யாததைச் செய்திருப்பதையும் பார்க்கிறாள். தமிழ் நாவலில் ஒரு பாத்திரம் தனக்குக் கிடைத்திருக்கக்கூடிய இன்னொரு வாழ்க்கையை அச்சில் படிக்கிற இந்த இடத்துக்கு ஈடாகச் சொல்ல அதிகம் இல்லை.

வளர்த்துப் படிக்கவைத்த வெங்கு மாமா உதவியும் செய்வார், தொடவும் பார்ப்பார். நீ யாருக்கும் மனைவியாக முடியாது, வைப்பாட்டியாகத்தான் இருக்க முடியும் என்கிறது அவருடைய சட்ட ஞானம். முடிந்தால் அவனையே தேடிப் பிடி என்று சவாலும் விடுகிறார். கங்கா தேடிப் பிடித்துவிடுகிறாள். பிடித்த பிறகுதான் நாவல் உண்மையில் சூடு பிடிக்கிறது. அன்று காரில் வந்த அந்தப் பிரபு வில்லனாக இல்லை. பணத்தில் பிறந்து எதற்கும் உதவாமல் போன, மகளிடம் பாசமுள்ள, பலவீனமான மனிதன். கங்கா அவனோடு பழகுகிறாள், காரில் போகிறாள், ஊர் என்ன நினைக்குமோ அதையே நினைக்கட்டும் என்று விடுகிறாள். அவர்களுக்குள் இருப்பது நட்பு. வெளியே தெரிவது தொடுப்பு. கெட்டுப் போனவள் என்று தீர்ப்புச் சொன்னவர்களிடம், ஆமாம் அப்படித்தான் என்று அந்தப் பட்டத்தை எடுத்து அணிந்துகொள்கிறாள். நிரபராதி என்று வாதாடாத குற்றவாளியைக் கண்டு நீதிமன்றம் திகைப்பதைப் போல அவள் குடும்பம் திகைக்கிறது.

நாவலின் பின்பகுதியில் அவள் குடிக்கத் தொடங்குவதை ஒழுக்கப் பாடமாக வாசித்தவர்கள் உண்டு. அது சரியான வாசிப்பாகத் தோன்றவில்லை. பிரபுவும் விலகிப்போன பிறகு அவளிடம் மிஞ்சியது அவன் பழக்கம் மட்டும்தான். பிறகு ‘கங்கை எங்கே போகிறாள்’ என்று ஜெயகாந்தன் தொடர்ச்சி எழுதினார். முதல் நாவலின் முறுக்கு அதில் இல்லை. ஆற்றின் பெயரை வைத்தவருக்கு ஆற்றின் பின்னாலேயே போக வேண்டிய கட்டாயம் வந்துவிட்டது என்று படுகிறது.

திரைக்கதையை ஜெயகாந்தனே எழுத, ‘பாசமலர்’ எடுத்த ஏ. பீம்சிங் இயக்கினார். கண்ணீர்க் குடும்பக் கதைகளில் பெயர் வாங்கிய இயக்குநர் இங்கே அடக்கி வாசித்தது ஆச்சரியம்தான். ஸ்ரீகாந்த் பிரபுவாகவும், நாகேஷ் எழுத்தாளர் ஆர்.கே.வி.யாகவும் வந்தார்கள். லட்சுமி அழாமல் நடித்தார். தமிழ் சினிமாவில் கெடுக்கப்பட்ட பெண் என்றால் ஒன்று சாவாள், இல்லையென்றால் கெடுத்தவனுக்கே கழுத்தை நீட்டுவாள். இரண்டும் செய்யாமல் மூக்குக்கண்ணாடிக்குப் பின்னாலிருந்து முறைத்த இந்தக் கங்கா அன்றைய பார்வையாளருக்குப் புதிய ஜீவன்.

வைப்பாட்டி என்ற சொல் சும்மா வரவில்லை. தமிழ்ச் சைவ மரபில் கங்கைக்குப் பழைய ஒரு கிசுகிசு உண்டு. சிவனின் உடலில் பாதி பார்வதிக்கு. தலையில் ஒளித்து வைத்திருப்பது கங்கையை. தலையில் இருப்பவள் யார் என்று உமை ஊடுவதும், புலவர்கள் அதைச் சொல்லி ஈசனைக் கேலி செய்வதும் நம் பாட்டு மரபில் சகஜம். பி.ஆர். பந்துலு ‘கங்கா கௌரி’ என்று 1973-இல் படமே எடுத்தார். வடக்கில் கங்கை அன்னை. தெற்கில் அவள் அன்னையோடு இளையாளாகவும் இருக்கிறாள். பத்மா என்ற மனைவி வீட்டில் இருக்க, பிரபுவின் காரில் ஏறி உட்காரும் கங்கா இந்த இரண்டாவது வரிசையில் வருபவள்.

மகாபாரதத்தில் வரும் கங்கை இரண்டிலும் சேராதவள். சந்தனுவை மணக்கும்போதே, என்னை எதற்கும் ஏன் என்று கேட்கக்கூடாது என்று நிபந்தனை போடுகிறாள். பிறந்த ஏழு குழந்தைகளை ஆற்றில் விடுகிறாள். எட்டாவது குழந்தையின்போது அவன் கேட்டுவிட, போய்விடுகிறாள். விசாரணையே கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு குடித்தனம் நடத்திய கங்கா இவள் ஒருத்திதான். அவள் வழியில் பின்னால் வந்தவர்கள் யாருக்கும் அந்தச் சலுகை கிடைக்கவில்லை. பி.ஆர். சோப்ராவின் தொலைக்காட்சி மகாபாரதத்தில் கிரண் ஜுனேஜா இந்த வேடத்தில் வந்தார். சில வாரங்களில் முடிந்துபோன பாத்திரம், ஆனால் பலருக்கு இன்னும் முகம் நினைவிருக்கிறது.

இந்தி சினிமாவுக்கு வந்தால் ராஜ் கபூர். ‘ராம் தேரி கங்கா மைலி’ 1985-இல் வந்தது; அவர் இயக்கி முடித்த கடைசிப் படம். மந்தாகினி ஏற்ற கங்கா கங்கோத்ரியில் பிறந்த மலைப் பெண். கல்கத்தாப் பணக்காரப் பையன் நரேன் வருகிறான், மணக்கிறான், போய்விடுகிறான். கைக்குழந்தையோடு அவனைத் தேடி அவள் கீழே இறங்குகிறாள். மலையிலிருந்து ரிஷிகேசம், அங்கிருந்து காசி, கடைசியில் கல்கத்தா. ஆறு போகும் வழியிலேயே பெண்ணும் போகிறாள், ஒவ்வொரு துறையிலும் யாராவது அவள்மேல் அழுக்கை எறிகிறார்கள். கடைசியில் நரேனின் கல்யாண வீட்டிலேயே ஆட்டக்காரியாக வந்து நிற்கிறாள்.

திட்டமாகப் பார்த்தால் இது பிரமாதம். கதாநாயகியின் வாழ்க்கையை நாட்டின் வரைபடத்தில் கோடாக இழுத்துவிட்டார். அரசியல்வாதியும் தொழிலதிபரும் கங்கையைச் சுத்தப்படுத்துவதாக மேடையில் பேசிக்கொண்டே அழுக்காக்குவதை 1985-இலேயே காட்டியது துணிச்சல்தான். ஆனால் படத்தைப் பார்க்கையில் ஒன்று உறுத்துகிறது. கங்கா என்பவள் அங்கே ஆளாகவே இல்லை. அவளுக்கு ஒரு கோபமோ, ஒரு சின்னப் பொய்யோ, வேண்டாத ஓர் ஆசையோ கிடையாது. ஆறு எப்படி யாரையும் கேட்காமல் ஓடுகிறதோ அப்படி அவளை ஓடவிட்டார்கள். போதாததற்கு, அவளைக் களங்கப்படுத்துகிறவர்களைக் கண்டிக்கும் கேமராவே அருவியில் மெல்லிய வெள்ளைப் புடவையோடு அவளை நிறுத்தி வைத்து ஆறப் பார்க்கிறது. அந்தக் காட்சி எழுப்பிய சர்ச்சை படத்தின் வசூலுக்கு உதவியது. கதை சொல்லும் நியாயத்துக்கு உதவவில்லை.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து சுபாஷ் கய் ‘பர்தேஸ்’ எடுத்தார். மஹிமா சௌத்ரியின் முதல் படம். இந்த முறை கங்கா அமெரிக்காவுக்குப் போகிறாள். வெளிநாட்டில் வளர்ந்த மாப்பிள்ளை லாஸ் வேகாஸில் அவளைப் பலவந்தப்படுத்தப் பார்க்க, தப்பித்து வருகிறாள். வந்தால் பெற்ற அப்பாவே சந்தேகப்படுகிறார். இந்தியாவின் தூய்மை அமெரிக்காவில் கெடுமா என்ற கேள்விக்கு ஒரு பெண்ணின் உடலைப் பரிசோதனைக் கூடமாக்கிய படம். பாட்டுகள் நிலைத்தன. அவளைப் பற்றிச் சொல்ல அதற்குமேல் ஒன்றும் இல்லை.

ஆண்களுக்கும் இந்தப் பெயர் உண்டு. வட இந்தியாவில் அது வியப்பும் இல்லை. 1961-இல் வந்த ‘கங்கா ஜம்னா’ படத்தில் திலீப் குமார் கங்கா, அவருடைய சொந்தத் தம்பி நாசிர் கான் ஜம்னா. அவதி வட்டார வழக்கில் பேசிய படம். ஜமீன்தார் பொய் வழக்குப் போட, குற்றமற்ற அண்ணன் கொள்ளைக்காரனாகிறான். அவன் உழைத்துப் படிக்கவைத்த தம்பி போலீஸ் அதிகாரியாகி அவனையே சுடுகிறான். அண்ணன் தம்பி இருவர் சட்டத்தின் இரு கரைகளில் நிற்கும் எத்தனையோ படங்களுக்கு இதுதான் மூலம். சிவாஜி கணேசன் நடிக்கத் தமிழில் ‘இரு துருவம்’ என்று வந்தது. ஆணாகப் பிறந்தாலும் கங்காவுக்கு வழக்கு விடவில்லை பாருங்கள். குற்றம் கற்பில் இருந்து களவுக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னும் பின்னால் போனால் ரட்யார்ட் கிப்லிங் 1890-இல் எழுதிய ‘கங்கா தீன்’ கவிதை. வெள்ளைக்காரப் படைக்குத் தோல்பையில் தண்ணீர் சுமக்கும் பிஷ்தி அவன். சிப்பாய்கள் ஏசுகிறார்கள், உதைக்கிறார்கள். போர்க்களத்தில் காயம்பட்டுக் கிடக்கும் ஒருவனுக்குத் தண்ணீர் கொடுத்துக் காப்பாற்றிவிட்டுக் குண்டடிபட்டுச் சாகிறான். கதை சொல்லும் சிப்பாய் தன்னைவிட அவன் மேலான மனிதன் என்று ஒப்புக்கொள்கிறான். தண்ணீர் சுமப்பவனுக்குக் கங்கா என்ற பெயர் பொருத்தம்தான். ஆனால் இங்கேயும் தீர்ப்புச் சொல்லும் உரிமை வேறொருவனிடம் இருக்கிறது. செத்த பிறகு கொடுத்த நற்சான்று அது.

அதை ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் 1939-இல் ஹாலிவுட்டில் படமாக்கினார். கேரி கிராண்ட் உள்ளிட்ட மூன்று வெள்ளைக்கார வீரர்கள்தான் நாயகர்கள். கங்கா தீனாக வந்தவர் நியூயார்க்கில் பிறந்த சாம் ஜாஃபே, முகத்தில் கருப்பு பூசிக்கொண்டு. சொந்த மக்களுக்கு எதிராகக் கோயில் கோபுரத்தில் ஏறிப் பிரிட்டிஷ் படையை எச்சரிக்க எக்காளம் ஊதிவிட்டு அவன் சாகிறான். நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, காட்டுவது பொய் என்று தெரிந்தும் சிரிப்பும் கைதட்டலும் தனக்கே வந்ததைப் பதிவு செய்திருக்கிறார். திறமையாக எடுக்கப்பட்ட பொய்யின் ஆபத்து அவருக்குத் தெரிந்தது. இந்தியர்களுக்குக் கோபம் வந்தது.

இந்த வரிசை முழுவதையும் தலைகீழாகப் புரட்டிப் போட்டது ஃபாசில் இயக்கி, மது முட்டம் எழுதிய ‘மணிச்சித்திரத்தாழ்’. மாடம்பள்ளி என்ற பழைய மாளிகை. அங்கே பூட்டிக் கிடக்கும் தெக்கினி என்ற தெற்குக் கட்டு. தஞ்சாவூரிலிருந்து குடும்பத் தலைவரான காரணவர் கொண்டுவந்து அடைத்து வைத்துக் கொன்ற நாகவல்லி என்ற நாட்டியக்காரி. வீட்டில் அமானுஷ்யமாக ஏதேதோ நடக்கிறது. எல்லாரும் ஸ்ரீதேவி என்ற பெண்ணைச் சந்தேகிக்கிறார்கள். கங்காவை யாரும் சந்தேகிப்பதில்லை. அவள் படித்தவள், சிரித்த முகம், பெயரே கங்கா. மற்ற கதைகளில் விசாரணைக் கூண்டில் ஏறி நிற்கும் பெயர் இந்தக் கதையில் ஒளிந்துகொள்ளும் மறைவிடமாகிறது.

மோகன்லாலின் டாக்டர் சன்னி அவளைக் கண்டுபிடிக்கும் முறையும் நுணுக்கமானது. பேய் என்று யாரும் நம்ப வேண்டாம் என்கிறது படம். பாட்டியிடம் கதை கேட்டு வளர்ந்து, பிறகு கல்கத்தாவிலிருந்த பெற்றோரிடம் பிடுங்கிக்கொண்டு போகப்பட்ட சிறுமி, வேலையே கதியென்று கிடக்கும் கணவன், கேட்பாரற்ற தனிமை. நகை எடுக்கப் போகக்கூடாது என்று கணவன் நகுலன் தடுக்கும்போது கட்டிலை ஒரு கையால் தூக்கும் அந்தக் கணத்தில் வெளிப்படுவது நாகவல்லியின் ஆத்திரமா, இத்தனை நாளாகக் கங்கா விழுங்கி வைத்த ஆத்திரமா? ஷோபனாவின் கண்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் சொன்னதால்தான் விருது அவருக்குப் போனது என்று தாராளமாகச் சொல்லலாம். தமிழ் வாசகருக்கு ஓர் உபரி மகிழ்ச்சி: கோபம் வந்தால் மலையாளக் கங்கா தமிழ் பேசுகிறாள். அவள் ஆடும் பாட்டின் தமிழ் வரிகளை எழுதியவர் வாலி. படத்தின் ஒரு பகுதி எடுக்கப்பட்ட பத்மநாபபுரம் அரண்மனை இருப்பதும் கன்னியாகுமரி மாவட்டத்தில்தான்.

கன்னடத்தில் பி. வாசு இதை ‘ஆப்தமித்ரா’ ஆக்கினார். சௌந்தர்யா கங்கா. 2004 ஏப்ரலில் விமான விபத்தில் அவர் இறந்த பிறகே படம் வெளிவந்தது. அடுத்த ஆண்டு வாசுவே தமிழில் ‘சந்திரமுகி’ எடுத்தார். ஜோதிகா கங்கா, ரஜினிகாந்த் டாக்டர் சரவணன், பிரபு கணவன் செந்தில்நாதன். இங்கே சந்தேகப்படப்படுகிறவள் பெயர் துர்கா, வேடம் நயன்தாரா. ஆங்காரமான தெய்வத்தின் பெயருள்ளவள் மேல் பழி, குளிர்ந்த தெய்வத்தின் பெயருள்ளவள் கையில் குற்றம். தமிழில் பேய் தெலுங்கு பேசியது. ஒவ்வொரு மொழியும் தன் அச்சத்தைப் பக்கத்து மாநிலத்திலிருந்தே இறக்குமதி செய்துகொண்டது வேடிக்கையான பழக்கம்.

நுணுக்கத்தில் தமிழ்ப் படம் மூலத்துக்கு ஈடில்லை. ரஜினிக்காகக் கதையின் பாரம் மருத்துவர் பக்கம் சாய்ந்துவிட்டது. கங்காவின் பால்யம் கைநழுவியது. ஆனாலும் கங்கா சந்திரமுகியாக மாறிய விதத்தைக் கணவனுக்கு ரஜினி படிப்படியாக விளக்கும் அந்த வசனம், பள்ளிப் பிள்ளைகள் முதல் மீம் போடுகிறவர்கள் வரை எல்லார் வாயிலும் இன்றைக்கும் ஓடுகிறது. ஜெயகாந்தனின் கங்காவை அறியாதவர்களுக்கும் இந்தக் கங்காவைத் தெரியும்.

மூன்று தென்மொழிகளிலும் மாறாத அந்தப் பெயர் இந்திக்குப் போனபோது மட்டும் மாறியது. பிரியதர்ஷன் 2007-இல் எடுத்த ‘பூல் புலையா’வில் வித்யா பாலன் பெயர் அவனி. மூலப் படத்தின் ஒரு பகுதியைப் படம்பிடித்துக் கொடுத்தவர்களில் பிரியதர்ஷனும் ஒருவர், ஆகவே மறதி என்று சொல்வதற்கில்லை. ராஜ் கபூருக்கும் சுபாஷ் கய்க்கும் பிறகு இந்தியில் கங்கா என்ற பெயருடைய பெண் வாளைத் தூக்கிப் புருஷனைக் கொல்லப் பார்த்தால் அரங்கம் ஏற்காது என்று நினைத்திருக்கலாம். இது ஊகம்தான். ஆனால் தெற்கில் மட்டும் இந்தப் பெயருக்குக் கொஞ்சம் கூடுதல் சுதந்திரம் இருந்ததென்பது படங்களிலேயே தெரிகிறது. இங்கே கங்கா வைப்பாட்டி என்ற பட்டத்தைச் சூடிக்கொள்ளலாம், மது குடிக்கலாம், கட்டிலைத் தூக்கலாம். ‘காஞ்சனா 2’ படத்தில் நித்யா மேனன் ஏற்ற கங்கா செத்த பிறகும் திரும்பி வந்து கணக்குத் தீர்க்கலாம்.

மற்ற ஆறுகளின் பெயர்களுக்கும் இதே போல ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தனியாக எழுதலாம். தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ நாவலில் யமுனா இருக்கிறாள். பாலசந்தரின் ‘சிந்து பைரவி’யில் சிந்து இருக்கிறாள், அவளும் சுஹாசினிக்குத் தேசிய விருது வாங்கித் தந்தவள், அவளும் இன்னொருத்தியின் கணவனுக்குப் பக்கத்தில் நின்றவள். காவேரிக்கு ஏனோ தமிழ்க் கதைகளில் இந்த வேலையெல்லாம் கிடையாது. அவளைப் பெரும்பாலும் குடும்பப் பெண்ணாகவே வைத்திருக்கிறார்கள்.

வாசு 2023-இல் ‘சந்திரமுகி 2’ எடுத்தார். ரஜினி இடத்தில் ராகவா லாரன்ஸ், சந்திரமுகியாக கங்கனா ரணாவத். பேய் பிடிக்கும் பெண்ணாக லட்சுமி மேனன் நடித்தார். பாத்திரத்தின் பெயர் திவ்யா. இந்தியிலும் ‘பூல் புலையா’ வரிசை மூன்று படங்கள் வரை வந்துவிட்டது. ஒவ்வொன்றிலும் மஞ்சுளிகா என்ற பேயின் பெயர் நிலையாக இருக்கிறது. தயாரிப்பாளர்களுக்கு விற்பனைப் பெயர் பேயின் பெயர்தான். அந்தப் பேய்க்கு உடம்பும் காரணமும் கொடுத்த கங்காவை யாரும் திரும்ப அழைக்கவில்லை.